ஒவ்வாமைக் கட்டம்

துரத்தப்பட்ட இடத்துக்கே ஏழு வருடம் கழித்து, அதுவும் அவர்கள் அழைத்துத் திரும்பிப் போகிற வாய்ப்பு எல்லாருக்கும் கிடைத்துவிடாது. பெரியவளுக்குக் கிடைத்தது. மருத்துவமனை வாசலில் இறங்கினாள். காவலாளி அவளை நிறுத்தி, நோயாளிகளைப் பார்க்கிற நேரம் நான்கு மணிக்கு மேல் என்றார். தான் பார்க்க வந்தது நோயாளியை இல்லை என்று சொல்லி அழைப்புக் கடிதத்தை நீட்டினாள்.

வீட்டில் இரண்டே பெண்கள். மூத்தவள் என்பதால் அவள் பெரியவள், தங்கை சின்னவள். அம்மா கூப்பிட்ட அந்தப் பெயர்களே அக்கம்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டன. சின்னவள் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். பெரியவள் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டாள் என்று அம்மா கேலி செய்வாள். அதில் பொய்யும் இல்லை. பதினோரு வருடம் அந்த மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடு முழுவதையும் அவள்தான் கட்டிக்காத்தாள். யாருக்கு என்ன வியாதி, எப்போது வந்தார், எந்த மருந்து கொடுத்தார்கள், எந்த மருந்து கொடுக்கக் கூடாது என்று முப்பத்தெட்டாயிரம் பேருடைய விவரம் அதில் இருந்தது. தங்கை புருஷனுக்கு வேலை இல்லாமல் இருந்தபோது, மேலதிகாரியிடம் நாலு முறை நடந்து, அதே பிரிவில் உதவியாளனாகச் சேர்த்துவிட்டதும் அவள்தான். அம்மா அவனை மாப்பிள்ளை என்பாள். பெரியவளுக்கு அவன் தம்பி.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டுதான் அது வாசிக்கிறது. மருத்துவமனைப் பதிவேடு தொடங்கிய காலத்தில் இருந்தது ஒரு பழைய பட்டியல். பிறகு உலகமே யூனிகோடு என்ற பொதுப் பட்டியலுக்கு மாறியது. பதிவேட்டையும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் வீடு மாறுகிற மாதிரி, சாமான்களை எண்ணி ஏற்றி எண்ணி இறக்க வேண்டும். தவறான பட்டியலை வைத்துத் திறந்தால் எழுத்துகள் கோணல்மாணலாகத் தெரியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அதைச் சரிசெய்துவிடலாம், ஏனென்றால் எண் உள்ளே பத்திரமாக இருக்கிறது. அதைவிட மோசமான ஒன்று உண்டு. நம் எழுத்துக்கு இடமே இல்லாத ஒரு பட்டியலுக்கு மாற்றச் சொன்னால், கம்ப்யூட்டர் மறுபேச்சுப் பேசாமல் ஒவ்வொரு எழுத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்துவிடும். அதன் பிறகு தலைகீழாக நின்றாலும் பழைய எழுத்து வராது.

இதைத்தான் பெரியவள் தன் மேலதிகாரிக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். அவர் வெயில் கொளுத்துகிற நாளிலும் கோட்டுப் போடுவார். அதனால் முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவர் கோட்டுதான். முதலில் முழு நகல் எடுக்கணும், நூறு பேர் விவரத்தை மட்டும் மாற்றிப் பார்க்கணும், வரிக்கு வரி ஒப்பிடணும், ஒரு மாதம் ஆகும் என்றாள். புதன்கிழமை ஆய்வுக்குழு வருகிறது, அதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்றார் கோட்டு. முடியாது என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காகப் பெரியவள் மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். சிகிச்சையும் அதே மருத்துவமனையில்தான், கீழ்த்தளத்தில்.

செவ்வாய்க்கிழமை யாரோ மாற்றத்தை ஓட்டினார்கள். ஒவ்வாமை என்ற கட்டத்தில் இருந்த அத்தனை வரிகளும் கேள்விக்குறியாகிப் போயின.

அடுத்த வாரம் ஒரு தையல்காரி காலில் சீழ் வைத்து வந்து சேர்ந்தாள். ஒவ்வாமைக் கட்டத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் இருந்தன. ஒவ்வாமை உண்டா இல்லையா என்று தெரியாததால் யாரோ அப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார் நர்ஸ். காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்த தையல்காரியிடம் கேட்டும் பயனில்லை. பென்சிலின் ஊசி போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் அவளுக்குத் தொண்டை அடைத்தது. உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். ஆனால் மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த அந்தச் சில நிமிடங்கள் அவள் கைகளில் தங்கிவிட்டன. எதையாவது எடுக்கப் போனால் கை வெட்டி வெட்டி இழுக்கும். ஊசியில் நூல் கோர்க்க முடியாத தையல்காரியாக அவள் வீட்டுக்குப் போனாள்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. நடத்தியவர் கோட்டு. மாற்றம் பெரியவளின் பெயரில், பெரியவளின் பாஸ்வேர்டில் நடந்திருந்தது. விடுப்பில் போவதற்கு முன்பே நேரம் குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கையை அவள் கண்ணில் காட்டவே இல்லை. வெள்ளிக்கிழமை எடுத்த நகல் இருக்கிறது, சர்வரின் பதிவுகளைத் திறந்து பாருங்கள் என்று அவள் கெஞ்சினாள். நகல் எடுத்த டிஸ்க் காணவில்லை என்றார்கள். மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக்கூட எடுக்க விடாமல் வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். கோட்டு மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலை அவள் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த மருத்துவமனையும் அவளை வாசலில் சேர்க்கவில்லை. ஒரு டயர் கடையில் பில் போட்டாள். பில் போட்ட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கெட்டுப்போன எழுத்தை மீட்பது எப்படி என்று வெறி பிடித்த மாதிரி கற்றாள். நூலகம், பத்திரிகை அலுவலகம், பல்கலைக்கழகம் என்று ஒவ்வொன்றாக வேலை வந்தது. இரண்டு முறை கெட்டது, மூன்று முறை கெட்டது என்று மற்றவர்கள் கைவிட்டதையெல்லாம் அவளிடம் அனுப்பினார்கள். யாராவது பாராட்டினால் அவளுக்குச் சந்தோஷம் வராது. என்றைக்காவது ஒரு நாள் கோட்டின் கழுத்தைப் பிடிக்கப் பயிற்சி எடுக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சின்னவள் வீட்டில் சாப்பாடு. அம்மாவும் அங்கேதான் இருந்தாள். மாப்பிள்ளை இதற்குள் பிரிவின் தலைவனாகிவிட்டான். தனக்காக அவன் வாய் திறக்காததைப் பெரியவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகுட்டிக்காரன், பயந்திருப்பான் என்று விட்டுவிட்டாள்.

இப்போது அந்த மருத்துவமனையை ஒரு பெரிய குழுமம் எடுத்துக்கொண்டிருந்தது. பழைய பதிவேட்டைச் சுத்தம் செய்து தங்களுடையதோடு சேர்க்க வேண்டும் என்று குழுமத்தின் தலைமை டாக்டர் ஆள் தேடினார். எல்லாரும் கை காட்டியது பெரியவளை.

கோட்டு இப்போது துணை இயக்குநர். தன் அறைக்கு அழைத்து, நாற்காலியெல்லாம் இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தலை நரைத்திருந்தது, கோட்டு மட்டும் புதுசு.

"நடந்தது நடந்து போச்சும்மா. பழசைக் கிளறாம, வேலையை மட்டும் பாப்போம். என்ன?"

"பழசைக் கிளறுறதுதான் சார் என் வேலையே. அதுக்குத்தான் கூப்பிட்டிருக்கீங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறையில் அவளுக்கு இடம் ஒதுக்கினார்கள். உடைந்த சக்கர நாற்காலிகளுக்கும் காலாவதியான மானிட்டர்களுக்கும் நடுவில் அவளுடைய பழைய சர்வர் தூசு படிந்து கிடந்தது. பக்கத்து அலமாரியின் கீழ்த்தட்டில், துண்டுத் துணியில் சுற்றி ஒரு டிஸ்க் இருந்தது. மேலே வெள்ளிக்கிழமைத் தேதி, அவளுடைய கையெழுத்தில். காணாமல் போனதாகச் சொன்ன நகல். இதைத் தொலைத்ததாகச் சொன்னவர்கள் ஏன் துணி சுற்றி வைத்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை சர்வர் உறுமிக்கொண்டு எழுந்தது. யார், எந்த மேசையிலிருந்து, எந்த நிமிடத்தில், என்ன கட்டளை கொடுத்தார்கள் என்பதையெல்லாம் அது வரி வரியாக எழுதிவைத்திருந்தது. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்தாள். பதினொன்று எட்டுக்கு ஒரு கட்டளை, எழுத்துப் பிழையால் தள்ளுபடி. பதினொன்று பதினொன்றுக்கு மறுபடி பிழை. பதினொன்று பதினாலுக்கு நிறைவேறியிருந்தது. எழுத்துக்கு இடமில்லாத பட்டியலைக் குறிப்பிட்டிருந்தார்கள். முப்பத்தெட்டாயிரம் வரி. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு, திருப்பி மாற்றச் சொல்லி அடுத்தடுத்து நாலு கட்டளைகள். கேள்விக்குறியைத் திருப்பினால் கேள்விக்குறிதான் வரும் என்று தெரியாத யாரோ பதறியடித்துக்கொண்டு தட்டியிருந்தார்கள்.

எல்லாம் அவள் பெயரில்தான். ஆனால் மேசை எண் அவளுடையது இல்லை, கோட்டுடையதும் இல்லை. ஜன்னலை ஒட்டிய மூன்றாவது மேசை. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது யார் என்று அவள் யோசிக்க வேண்டியதே இல்லை. அந்த நாற்காலியை ஸ்டோரில் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். ஏதாவது அவசரமென்றால் பார்த்துக்கொள் என்று சொல்லி, கண் ஆபரேஷனுக்கு முந்தைய நாள் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்ததும் அதே ஆளுக்குத்தான்.

ஏழு வருடமாகக் கோட்டை நினைத்து ஊட்டி வளர்த்த வன்மம் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் தவித்தது. பிறகு அது குறையவில்லை, இரண்டாகப் பெருகியது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல சின்னவள் வீட்டுக்குப் போனாள். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்து விளையாடப் போகிற வரை காத்திருந்தாள். அம்மா உள் அறையில் படுத்திருந்தாள். மாப்பிள்ளை தட்டில் பாதிச் சோறு இருந்தது.

"தம்பி, அன்னிக்கு என் பாஸ்வேர்டை நான் யாருக்குக் குடுத்தேன்?"

அவன் நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்த விரல்கள் நின்றன. சின்னவள் கையிலிருந்த கரண்டியைச் சத்தமில்லாமல் பாத்திரத்தில் வைத்தாள்.

"எனக்குத்தான்கா," என்றான்.

பிறகு தானாகவே கொட்டினான். கோட்டு அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றாராம். அவள் வந்தால் ஒரு மாதம் இழுப்பாள், உன் அக்கா பாஸ்வேர்டு உனக்குத் தெரியாதா என்று கேட்டாராம். சின்னக் கட்டம்தானே என்று ஒவ்வாமையிலிருந்து தொடங்கினானாம். தையல்காரி விஷயம் வெடித்ததும் கோட்டு கதவைச் சாத்திவிட்டு, போனால் நாம் இரண்டு பேரும் போகணும், இல்லையென்றால் அவள் ஒருத்தி போகணும், நீயே சொல் என்றாராம். அறிக்கையில் கோட்டின் கையெழுத்துக்குக் கீழே அவன் கையெழுத்தும் இருந்ததாம். வெள்ளிக்கிழமை டிஸ்கை அழித்துவிடச் சொல்லி அவனிடம் கொடுத்ததும் அவர்தானாம்.

"அந்த டிஸ்கை ஏன் உடைச்சுப் போடல?"

"மனசு வரலக்கா. உங்க கையெழுத்து இருந்துச்சு அதுல."

இதைக் கேட்டு அவள் இளகியிருக்கலாம். ஆனால் அவள் திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதுதான் பெரியவளை உலுக்கியது.

"உனக்கும் தெரியுமாடி?"

சின்னவள் அழவில்லை. பல நாளாகத் தூக்கிக்கொண்டு நின்ற எதையோ கீழே வைக்கிற மாதிரி பேசினாள். "அறிக்கையில கையெழுத்துப் போடச் சொன்னதே நான்தான். வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணுன்னு நின்னேன் அப்போ. உனக்கு யாருக்கா இருக்கா? ஒண்டிக்கட்டை. நீ எப்படியாவது பொழைச்சுக்குவன்னு நெனச்சேன்."

"அப்புறம் எதுக்கு வாரா வாரம் கூப்பிட்டுச் சோறு போட்ட?"

"மனசு கேக்கல."

பெரியவள் எழுந்து கை கழுவினாள். ஈரக் கையைத் துடைக்காமலே மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றாள். கோட்டு எழுத்து மூலமாக ஏதாவது அனுப்பினாரா என்று கேட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒரு மின்னஞ்சல் வந்தது, அச்செடுத்து வைத்திருக்கிறேன் என்றான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்றைக்காவது உதவும் என்று அவனும் கணக்குப் போட்டு வைத்திருந்தான் போல.

"புதன்கிழமை பதிவேடு பத்தித் தலைமை டாக்டர் முன்னால கூட்டம். அதுக்குள்ள அது என் கைக்கு வரணும். குடுத்தா உன்னை விட்டுடுவேன்னு நெனைக்காத. குடுக்கலைன்னா அவர் தப்பிச்சிடுவார், நீ மட்டும் தனியா மாட்டுவ. அவ்வளவுதான் வித்தியாசம்."

சின்னவள் வாசல் வரை பின்னாலேயே வந்தாள். பிள்ளைகள் முகத்தைப் பார் அக்கா என்றாள். பெரியவள் செருப்பை மாட்டினாள். அந்தப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள்தான் அவள். பெரியது முதல் அடி எடுத்து வைத்ததே அவளுடைய டயர் கடை நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான். அதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். ஆனாலும் மனசு அசைந்து கொடுக்கவில்லை. நாம் கல்லாகிவிட்டோமோ என்று தெருமுனை வரை யோசித்துக்கொண்டு போனாள். கல்லாகத்தான் இருக்கட்டும் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை அச்செடுத்த காகிதம் சாமான் அறைக் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து விழுந்தது. அன்று பிற்பகல் அவள் தையல்காரி வீட்டைத் தேடிப் போனாள். துணி எதுவும் தொங்காத ஒரு கடையின் பின்கட்டில் அந்தப் பெண் இருந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, அப்படியும் பாதியைச் சிந்தித்தான் குடித்தாள். பெரியவள் தன் பெயரைச் சொன்னதும் கதவைக் காட்டினாள். அறிக்கையில் இருந்த பெயர் அது. பெரியவள் போகவில்லை. நாளைக்குக் கூட்டத்துக்கு வாருங்கள், வந்து கேட்டுவிட்டு அப்புறம் என்னைத் துப்புவதானால் துப்புங்கள் என்றாள்.

கூட்டம் காலை பத்து மணிக்கு. நீள மேசையின் தலைமாட்டில் தலைமை டாக்டர். அவர் அதிகம் பேசாத அம்மாள். பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார். ஒரு பக்கம் கோட்டு, மறுபக்கம் மாப்பிள்ளை, கதவோரம் தையல்காரி. அவள் யாரென்று கோட்டுக்கு அடையாளமே தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார் அவளிடம்.

பெரியவள் சுவரில் இரண்டு வரிகளைக் காட்டினாள். மேலே இருந்தது வெறும் கேள்விக்குறிகள். கீழே, வெள்ளிக்கிழமை நகலைப் பழைய பட்டியலிலிருந்து ஒழுங்காக மாற்றி எடுத்த வரி: 'பென்சிலின் கூடவே கூடாது. சின்ன வயதில் மூச்சு நின்று பிழைத்தவர்.' எப்போதோ ஒரு நர்ஸ் பொறுப்பாகக் கேட்டு எழுதிவைத்தது. தையல்காரி அதை வாய்விட்டு, மெதுவாக வாசித்தாள். "நான் சொல்லியிருந்தேன்," என்றாள் யாரையும் பார்க்காமல். "ஏழு வருஷமா எல்லாரும் என்னைக் கேட்டாங்க, ஏம்மா முன்னாடியே சொல்லலைன்னு. நான் சொல்லியிருந்தேன்."

கோட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, வருத்தமான விஷயம்தான், ஆனால் இதைச் செய்தவர் பெயரும் பதிவில் இருக்கிறதே என்றார். அதைத்தான் பெரியவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் தானாக வாயைக் கொடுக்கிற வரை அவள் பதிவைக் காட்டாமல் வைத்திருந்தாள்.

"இருக்கு சார். என் பேரு. நேரம் குறிச்சு வெச்சிட்டுப் போனேன்னு எழுதினீங்க. நேரம் குறிச்சு வெச்ச வேலை ரெண்டு தடவை எழுத்துப் பிழை பண்ணித் திருத்துமா? நாப்பது நிமிஷம் கழிச்சுப் பயந்து போய் நாலு தடவை திருப்பப் பாக்குமா?"

அதே நாள் பதினொன்று பன்னிரண்டுக்குக் கீழ்த்தளத்தில் கண் பிரிவு நர்ஸ் பதிந்த வரியைக் காட்டினாள்: 'மூத்த மகள் உடனிருக்கிறார். சம்மதக் கையெழுத்து பெறப்பட்டது.' பிறகு மேசை எண்ணைக் காட்டினாள். பிறகு அந்தக் காகிதத்தைத் தலைமை டாக்டர் முன்னால் தள்ளினாள். 'அவள் பாஸ்வேர்டிலேயே போட்டு இன்றைக்கே முடி. கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அதில் இருந்தது. அடியில் கோட்டின் பெயர்.

தலைமை டாக்டர் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, உண்மையா என்று மட்டும் கேட்டார். அவன் எழுந்து நின்று, ஆமாம், தட்டியது நான் என்றான். கோட்டு அவனைப் பார்த்த பார்வையில் எரித்துவிடுவார் போலிருந்தது. அந்தப் பார்வையைப் பெரியவள் ஆற அமர ரசித்தாள். ஏழு வருடமாகக் கற்பனையில் பார்த்ததைவிட அது நன்றாகவே இருந்தது. தன்னை நல்லவள் என்று சொல்லிக்கொள்ள அந்த நேரத்தில் அவளுக்கு ஆசை இல்லை.

இரண்டு பேரையும் இடைநீக்கம் செய்தார்கள். விசாரணை முதலிலிருந்து, வெளியாட்களை வைத்துத் தொடங்கியது. தையல்காரி குடும்பம் வழக்குப் போட்டது. இதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பெரியவள் முடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைக்கும் செவ்வாய்க்கிழமை காலைக்கும் நடுவில் பதிந்த விவரங்கள் எந்த நகலிலும் இல்லை. அப்படிப் பதிந்துவிட்டு அதற்குப் பிறகு மருத்துவமனைப் பக்கமே வராதவர்கள் அறுபத்தொரு பேர். அவர்களுடைய பெயரும் போன் எண்ணும் இருந்தன, ஒவ்வாமை என்னவென்பது மட்டும் இல்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்பதைத் தவிர வழியில்லை என்று தலைமை டாக்டரிடம் சொன்னாள். யாரையாவது உட்கார வைக்கலாம் என்றார் அவர்.

"யாரையாவது வேணாம்மா. அவங்க ரெண்டு பேரும் பேசட்டும். என்ன தொலைஞ்சது, யார் தொலைச்சதுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டுக் கேக்கட்டும். நான் பக்கத்துல உக்காந்து பதியறேன். இல்லைன்னா பதிவேட்டைச் சேக்க வேற ஆளைப் பாத்துக்கோங்க."

தலைமை டாக்டர் அவள் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விசாரணையில் ஒத்துழைத்ததாகக் குறிக்கப்படும் என்று சொல்லி இரண்டு பேரையும் வரவழைத்தார். மாப்பிள்ளைக்கு முப்பது பேர், கோட்டுக்கு முப்பத்தொரு பேர். நடைபாதையை ஒட்டிய கண்ணாடி அறையில், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தார்கள்.

மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் பேசினான். ஒரு பெண் அவனைப் பத்து நிமிடம் வைத்துக் கிழித்தாள். ஒருவர் இறந்துவிட்டார் என்று மகன் சொன்னான். எதனால் என்று கேட்க மாப்பிள்ளைக்கு வாய் வரவில்லை. பெரியவள்தான் கேட்கச் சொன்னாள். கார் விபத்து. அவன் போனை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். அடுத்த எண் என்றாள் அவள்.

கோட்டு முதலில் பூசி மெழுகப் பார்த்தார். தொழில்நுட்பக் கோளாறு காரணமாக என்று ஆரம்பிப்பார். பெரியவள் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கை கட்டிக்கொள்வாள். அவர் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். பதினோராவது ஆள் காது மந்தமான ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார்.

"என்ன ஆச்சுன்றீங்க? சத்தமா சொல்லுங்க."

"உங்க விவரம் அழிஞ்சு போச்சு சார்."

"யாரு அழிச்சது?"

கோட்டு பெரியவளைப் பார்த்தார். அவள் கை கட்டியிருந்தாள்.

"நான்தான்."

"கேக்கல. யாரு?"

"நான்தான் சார்! நான்தான் அழிக்கச் சொன்னேன்!"

நடைபாதையில் போய்க்கொண்டிருந்த இரண்டு நர்ஸ்கள் நின்று திரும்பினார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் வாத்தியார் கொஞ்சம் யோசித்து, தனக்கு சல்ஃபா மருந்து ஆகாது, போட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும், இந்த முறையாவது ஒழுங்காக எழுதிக்கொள்ளுங்கள் என்றார். கோட்டின் நெற்றியிலிருந்து வியர்வை மேசையில் சொட்டியது. அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பெரியவள் வாத்தியார் சொன்னதைப் பதிந்து, பட்டியல் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துச் சேமித்தாள். பிறகு பன்னிரண்டாவது எண்ணை வாசித்தாள்.

நாலு நாள் ஆயிற்று. அறுபத்தொரு பேரில் ஐம்பத்திரண்டு பேர் கிடைத்தார்கள். கிடைக்காதவர்களுடைய கட்டத்தில் 'தெரியவில்லை, நேரில் கேட்கவும்' என்று எழுதிவைத்தாள். கடைசி நாள் மாப்பிள்ளை அறையை விட்டுப் போகாமல் கதவருகில் நின்றான். அத்தை உங்களைத் தேடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா அக்கா என்று கேட்டான்.

"அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன். நான் அங்க வர மாட்டேன்."

அம்மா வந்தாள். வந்த முதல் வாரம் மூத்த மகளிடம் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம், உன் தங்கச்சி வீடு இப்போது மாப்பிள்ளை பார்க்கிற மருந்துக் கடை வேலையில்தான் ஓடுகிறது, பெரிய பேத்தியைப் பள்ளியில் கேலி செய்கிறார்களாம் என்றாள். பெரியவளுக்கு அது வலித்தது. செய்ததை மாற்றிச் செய்திருக்கலாமோ என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தையல்காரி ஒரு நாள் போன் செய்து, வக்கீல் அந்த வரியை அச்செடுத்துக் கேட்கிறார் என்றாள். பெரியவள் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். தையல்காரி அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்து மறுபடி ஒருமுறை வாசித்தாள்.

இரண்டு மாதம் கழித்துச் சின்னவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அக்கா' என்று ஒரே ஒரு சொல். பெரியவள் அதைத் திறந்து பார்த்தாள், மூடினாள். இன்னும் பதில் அனுப்பவில்லை.